சவுண்டு நல்லாத்தான் இருக்கு!

போன ஞாயிற்றுக்கிழமை இந்த வாக்கியத்தை எத்தனை பேர் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அங்கேயே அடிதடி ஆகியிருக்கும்.

என் மச்சினன் கடலூரிலிருந்து ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சினை லாரியில் ஏற்றிக் குன்னூருக்குக் கொண்டுவந்துவிட்டான். பிடித்தால் பணம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று பேச்சு. எங்கே ஓட்டப்போகிறான் என்று கேட்காதீர்கள். ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாம் மின்வாரிய அணைகள். மிச்சம் இருந்தது எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம். எஞ்சினை அதில்தான் இறக்கினோம். இந்த மாதிரிப் பழசை எதையெல்லாம் பார்த்து வாங்கலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன்.

நான் உள்ளே போய் வருவதற்குள்ளேயே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். ஆறிக் கிடக்கும்போது எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதுதான் முதல் பரீட்சை, அது போச்சு. தெருவே கூடித் தலையைச் சாய்த்தது. சாய்ப்பதோடு ஒரு கண்ணையும் மூடிக்கொள்கிறார்கள். காதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தமோ? ஜீப் வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும் இதே சாய்வுதான். ரிட்டயர்டு வாத்தியார் நிதானமாகச் சாய்ந்தார். டாக்ஸி டிரைவர், “கொஞ்சம் ரேஸ் பண்ணு” என்றுவிட்டுச் சாய்ந்தார். எதிர்வீட்டுப் பையன் போனில் பதிவு செய்து கோயமுத்தூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினான். அவரும் அங்கே சாய்ந்திருப்பார். 1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் இந்த வகை எஞ்சினை விற்கத் தொடங்கியபோதும் கரையில் நாலு பேர் சாய்ந்துதான் நின்றிருப்பார்கள். திடீரென்று ஒருவர், “லேசா மிஸ்ஸிங் கேக்குதே” என்றார். உடனே எல்லாருக்கும் கேட்டது. “இல்ல, அது லாரி” என்றதும் எல்லாருக்கும் நின்றுவிட்டது.

தேயிலை ஃபேக்டரியில் ரோலர் சத்தத்திலேயே என் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதி சொல்வதை நானே நம்புவதில்லை.

பின்பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அது நின்றால், தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும்; எஞ்சின் வெந்துவிடும். அடியில் கியர் ஆயில் திருகைத் திறந்தேன். பால் கலந்த டீ நிறத்தில் வடிந்தது. சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. “நீலகிரிக்கு வந்தா டீ மாதிரிதானே இருக்கும்” என்றார் வாத்தியார். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இரண்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கம்ப்ரஷன் கேஜை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். மேல் சிலிண்டர் 95, கீழ் சிலிண்டர் 70. விற்றவர் போனில், “கடற்கரையில 120 காட்டுச்சுங்க, உங்க மலைதான் குறைக்குது” என்றார். பாதி உண்மை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அங்கே 120 காட்டும் சிலிண்டர் இங்கே 96-ஐத் தாண்டாது. கார்புரேட்டர் ஜெட்டும் கடற்கரைக் காற்றுக்கு வைத்தது, அதனால் இங்கே பெட்ரோல் கூடிப் பிளக் கரி பிடிக்கும். எல்லாம் சரி. ஆனால் இரண்டு சிலிண்டரும் ஒரே மலையில்தானே இருக்கின்றன? பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே நான் யோசிப்பேன். இது அதைவிட எவ்வளவோ மேலே.

இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மச்சினன் போனில் பணத்தை அனுப்பிவிட்டான். கையை என் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டான்:

“மாமா, படகு எங்க கிடைக்கும்?”