திரு. கொளஞ்சி அவர்களுக்கு

"அக்கவுண்ட் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கும்மா. அவரையே நேர்ல வரச் சொல்லுங்க" என்றார் வங்கி கவுண்டரில் இருந்த தம்பி. புதிதாக மாற்றலாகி வந்தவர். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர் பெயர் வேறு.

"கொளஞ்சி நான்தான் தம்பி" என்றேன். அவர் பாஸ்புக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் வரிசையின் கடைசியிலிருந்து வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், "என்னங்க, கூப்டீங்களா?" என்று முன்னால் வந்து நின்றார். அவரும் கொளஞ்சி.

காடாம்புலியூர்ப் பக்கம் இதெல்லாம் சகஜம். விருத்தாசலம் போகிற பஸ்ஸில் "ஏ கொளஞ்சி" என்று குரல் கொடுத்தால் நாலு தலையாவது திரும்பும். அதில் ரெண்டு பொம்பளைத் தலையாக இருக்கும். திண்டிவனம் தாண்டி வடக்கே போனால்தான் தொல்லை. "கொளஞ்சின்னா... ஊர் பேருங்களா?" என்பார்கள்.

பெயர் வந்த கதை இது. கல்யாணமாகி ஆறு வருஷம் அம்மாவுக்குக் குழந்தை இல்லை. முந்திரி உடைக்கிற வேலை. பால் கையில் பட்டுப் புண்ணாகாமலிருக்க சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பாள். முந்திரிப் பாலையாவது சாம்பல் தடுத்தது, மாமியாரின், அதாவது என் ஆத்தாவின், வாயை எது தடுக்கும்? ஒரு நாள் கைச்சாம்பலைக் கழுவிவிட்டு நேராக மணவாளநல்லூருக்குப் பஸ் ஏறினாள்.

விருத்தாசலத்தை ஒட்டிய அந்த ஊரில்தான் கொளஞ்சியப்பர் கோயில். முருகன்தான், ஆனால் உருவம் கிடையாது. பலிபீடம் மாதிரி ஒரு கல். கொளஞ்சிச் செடிகளுக்கு நடுவே கிடந்த கல்லின் மேல் பசு தானாகப் பால் சொரிந்ததாம், அப்படித்தான் தெரியவந்ததாம். இங்கே குறையை மனசுக்குள் முணுமுணுத்தால் போதாது. தாளில் பிராது எழுதிக் கட்ட வேண்டும். ஊர், பேர், விவரம் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். கோயிலிலிருந்து நம் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தக்கபடி படிக்காசும் உண்டு. சாமி வந்து விசாரிக்க வேண்டாமா? காரியம் முடிந்தால் திரும்பப் போய்ப் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். அம்மாவின் பிராதில் எதிர்த்தரப்பு யாரென்று கடைசிவரை அவள் சொல்லவில்லை. நான் பிறந்த பிறகு ஆத்தா கொஞ்சம் அடங்கினாளாம்.

"சாமி குடுத்த புள்ள, சாமி பேரு. இதுல ஆம்பள என்ன, பொம்பள என்ன?" என்பாள் அம்மா.

இந்தச் சாமியின் முன்கதையும் லேசுப்பட்டதல்ல. விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அந்தப் பக்கம் வந்த சுந்தரர், ஊரும் கிழம், சாமியும் கிழம், பாடி என்ன கிடைக்கப் போகிறது என்று நடையைக் கட்டினாராம். சிவன் மகனை ஏவினார். முருகன் வேடனாக வந்து வழிமறித்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார். சுந்தரர் திரும்பி வந்து பாடினார். 12,000 பொன் கிடைத்தது. அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். எந்தக் கவுண்டரிலும் அவரை வீட்டுக்காரரோடு வரச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். அன்றைக்கு வழிப்பறி செய்தவரிடம்தான் இன்றைக்கு நகை களவு போனவர்கள் பிராது கொடுக்கிறார்கள். தொழில் தெரிந்தவரிடம் போவதுதானே புத்திசாலித்தனம்!

ஆறாம் வகுப்புக்கு என்னை நெய்வேலி டவுன்ஷிப்பில் சேர்த்தார்கள். 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்ததிலிருந்து நாலா திசையிலிருந்தும் ஆட்கள் குடியேறிய ஊர். வகுப்பில் பிந்து, சுஜாதா, ஹேமலதா எல்லாம் உண்டு. முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவரிடமும் பெயருக்கு அர்த்தம் கேட்டார். தாமரை, பொன்கொடி என்று வரிசையாக வந்தது. என் முறை வந்தது. "செடி டீச்சர். வயலுக்கு உரமாப் போடுவாங்க" என்றேன். வருஷம் முழுக்க என் பெயர் யூரியா.

பின்னாளில்தான் முழு விவரம் படித்தேன். கொழிஞ்சி, கொளஞ்சி எல்லாம் ஒன்றுதான். தாவரவியலில் டெஃப்ரோசியா பர்ப்பூரியா. வடமொழியில் சரபுங்கா, அம்மா அந்த மொழிப்பக்கம் போகாததற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். மண்ணுக்குத் தழைச்சத்து தரும். ஊதாப்பூ பூக்கும். ஆடு மாடு அவ்வளவாக மேயாது. ("அதான் ஒங்கிட்ட எவனும் வாய் குடுக்கிறதில்ல" என்றார் வீட்டுக்காரர்.) விதைக்கு மெழுகு பூசினாற்போல் தோல். மணலில் போட்டுத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்நீரில் முக்க வேண்டும். அப்போதுதான் ஒழுங்காக முளைக்கும். யூரியா என்று கூப்பிட்ட அந்த வருஷம் எனக்கு மணலா வெந்நீரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

2019-ல் சமுத்திரக்கனி நடித்துக் 'கொளஞ்சி' என்றே ஒரு படம் வந்தது. இனிமேல் யாரும் ஊர்ப் பேரா என்று கேட்க மாட்டார்கள் என நம்பினேன். "ஓ, அந்தப் படம் பார்த்து வெச்சாங்களா?" என்கிறார்கள். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

இப்போது மகளுக்கு ஏழாம் மாதம். 'ஷ்' வருகிற மாதிரி, மூன்றெழுத்தில், எண் கணிதப்படி ஒரு பெயர் தேடிக்கொண்டிருக்கிறாள். ஆணுக்கு ஒரு பட்டியல், பெண்ணுக்கு ஒரு பட்டியல். மணவாளநல்லூர்ப் பக்கம் நான் போகக் கூடாதென்று உத்தரவு.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தால் கொளஞ்சியை யோசித்துப் பாருங்கள். ரெண்டு பட்டியல் தேவைப்படாது.