போனை வச்சிரு தம்பி

அலோ... யாரு, ராடு தம்பியா? இல்லினாய்ஸ் மாநிலத்துக்கு கவர்னரா இருந்த ராடு பிளகோயவிச்தானே? அந்தப் பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள வாயில கெடந்த வெத்தலை பாதி உள்ள போயிட்டு. ராடுன்னே கூப்பிடுதேன். நான் பேசுத தமிழ் ஒனக்குப் புரியாது. அது நல்லதுதான். ஒட்டுக்கேக்கவனுக்கும் புரியாதுல்லா?

மாநில சபையே கவர்னர விசாரிச்சு எறக்கிட்டுன்னு கேட்டதும் எனக்கு மலைப்பா இருந்துச்சு. எங்க பக்கம் கவர்னருன்னா டெல்லி பாத்து அனுப்புதவரு. அவர எறக்கணும்னா ஜனாதிபதி மனசு வைக்கணும், சட்டசபைக்கு அதுல சோலியே கெடையாது. ஒங்க ஊரு கவர்னரு ஜனங்க ஓட்டுப் போட்டு வச்சவருன்னும், எங்க முதலமைச்சர் கணக்குன்னும் அப்புறந்தான் வெளங்குச்சு. நீ 2002-லயும் ஜெயிச்சே, 2006-லயும் ஜெயிச்சே. என்ன சொல்லி ஓட்டுக் கேட்டே? முந்துன ஆளு ஜார்ஜ் ரயன் ஆட்சி நாறுது, நான் வந்து கூட்டிப் பெருக்குதேன்னு. ரயன் 2007-ல ஜெயிலுக்குப் போனாரு. வெளக்குமாறு புடிச்ச நீ அவரு போன பாதையையும் கூட்டி வச்சு, அதுலயே நடந்து போயிட்டே.

கோவப்படாத. 65 வயசு தாண்டுன கெழடுகட்டைங்களுக்கு பஸ்ஸுலயும் ரயில்லயும் டிக்கெட் வேண்டாம்னு 2008-ல செஞ்சவன் நீ. அந்த நன்னி இருக்கப் போயித்தான் போன் போட்டேன்.

ஒன் வெனை எல்லாம் வாயில இருந்து வந்தது. ஒபாமா ஜனாதிபதியா ஜெயிச்சதும் அவரு உக்காந்திருந்த செனட் நாற்காலி காலியாச்சு. மிச்ச காலத்துக்கு ஆளு போடுத உரிமை ஒனக்கு. ஒருத்தரக் கைகாட்டிட்டு சாப்பிடப் போயிருக்கலாம். நீ போனத் தூக்கி வச்சுக்கிட்டு, இது தங்கம்லா, சும்மா குடுக்க முடியுமான்னு ஆரம்பிச்சே. மத்தியில மந்திரி வேலை தேறுமா, எங்கயாவது தூதராப் போகலாமா, வீட்டுக்காரிக்குக் கொழுத்த சம்பளத்துல ஒரு உத்தியோகம் படியுமான்னு ஊரெல்லாம் கணக்குப் போட்டே.

ஏ தம்பி, எங்க மாட்டுச் சந்தைக்கு ஒரு நடை வந்து பாத்திருக்கணும் நீ. தரகன் துண்ட எடுத்து ரெண்டு பேரு கைமேலயும் போடுவான். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெலை பேசுவான். கிட்ட நிக்க எனக்குத் தெரியாது, வெலைபோகுத மாட்டுக்குந் தெரியாது. அம்புட்டும் வெரலுதான், வாய் தொறக்க மாட்டான். நீ செனட் நாற்காலிய எஃப்.பி.ஐ. காரன் காதுக்குள்ள வச்சு ஏலம் விட்டிருக்கே! வீட்டுப் போன்ல ஒட்டுக்கேப்பு, தேர்தல் ஆபீசுல ஒளிச்சு வச்ச மைக்கு. நீ தும்முனாக்கூட எழுதி வச்சிருக்காங்க.

2008 டிசம்பர் 9, விடியக்காலம். போன் அடிக்கு. கதவத் தொற, கைது பண்ண வந்திருக்கோம்னு சொன்னா, இது என்ன வெளையாட்டான்னு கேட்டியாமே. மறுநாள் ஒனக்கு 52-ஆவது பொறந்தநாளு. வாழ்த்துச் சொல்ல முந்திக்கிட்டாங்கன்னு நெனச்சியோ என்னவோ.

அந்த நாற்காலி விவகாரத்தக்கூட அரசியல்னு தள்ளிருவேன். சீக்குப் புள்ளைங்க ஆஸ்பத்திரிக்கு சர்க்கார் குடுக்க வேண்டிய பணத்துக்கும், ஒன் தேர்தல் நிதிக்கும் முடிச்சுப் போட்டேன்னு வந்துச்சு பாரு, அதக் கேட்டதும் வெத்தலையத் துப்பிட்டேன்.

2009 ஜனவரி 9-ல கீழ்ச்சபை ஒன் மேல பதவிநீக்கத் தீர்மானம் போட்டுச்சு. 114 பேரு சரின்னாங்க, ஒருத்தரு வேண்டாம்னாரு. அஞ்சு நாளு கழிச்சுப் புதுச் சபை கூடி மறுபடியும் போட்டுச்சு: 117-க்கு 1. இந்தத் தடவ அந்த ஒத்த ஓட்டு யாருது? ஒன் கொழுந்தியா! அவ அப்பன், சிகாகோ கவுன்சிலரு, ஒன்ன அரசியல்ல ஏத்திவிட்ட மாமனாரு. அவரோட நீ சண்டை புடிச்சு வருசக்கணக்காச்சு. மாமனாரப் பகைச்சுக்கிட்டும் கொழுந்தியா ஓட்ட வாங்குன ஒரே ஆளு நீதாண்டே. கெட்டிக்காரன்.

அடுத்தது மாநிலத் தலைநகரம் ஸ்பிரிங்ஃபீல்டுல மேல்சபை விசாரணை. நடுவரா உக்காந்தது மாநிலத் தலைமை நீதிபதி தாமஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு. ஒன்னப் புடிச்ச மத்திய சர்க்கார் வக்கீல் பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்டு. சொந்தக்காரங்க இல்ல, பேருதான் ஒண்ணு. ஒன் ஜாதகத்துல அந்தப் பேருக்கு ஏதோ இருக்கு.

ஜனவரி 26, வழக்கு எடுத்தாச்சு. ஒன் நாற்காலி காலியாக் கெடக்கு. நீ நியூயார்க்ல ஒவ்வொரு டி.வி.காரன் படியா ஏறி எறங்குதே. சாட்சி கூப்பிட விடல, முடிவு கட்டிட்டுத்தான் விசாரிக்காங்கன்னு சொன்னே. அதுல கொஞ்சம் நியாயமும் உண்டு. மத்திய வழக்குக்குக் கெடுதல்னு சில சாட்சிகள அங்க கூப்பிட விடலதான். அத அங்க போயி நின்னுல்லா சொல்லணும்? டி.வி.க்கு ஏது ஓட்டு?

இதுக்கு நடுவுல, கைதானப்ப மண்டேலா, மார்ட்டின் லூதர் கிங், காந்தி நெனப்பு வந்துச்சுன்னு வேற சொன்னே. காந்தி 1922-ல அகமதாபாத் கோர்ட்டுல நின்னு, ஆமா, நான்தான் செஞ்சேன், இருக்கதுலயே பெரிய தண்டனையாக் குடுங்கன்னு கேட்ட மனுசன். நீ கடைசி நாளு வரைக்கும் ஒன் விசாரணை நடந்த சபைக்குள்ளயே கால வைக்கல. அவரு பேர விட்ருப்பா.

சபையில நாலு ஒலிப்பதிவப் போட்டுக் காட்டுனாங்க. எல்லாம் குதிரைப் பந்தயக்காரங்க மசோதாவுல கையெழுத்துப் போடதுக்கு நன்கொடை கேட்ட சங்கதி. கடைசி நாளு, 29-ஆம் தேதி வந்தே. 47 நிமிசம் பேசுனே. சத்தியமும் பண்ணல, குறுக்குக் கேள்விக்கும் நிக்கல. கெழடுகளுக்கு மலிவா மருந்து வாங்குனது குத்தமான்னு கேட்டியாம். நல்ல பேச்சுதான், கதாகாலட்சேபத்துக்கு ஆவும். ஒன்ன நீக்க 40 ஓட்டு போதும், 59 விழுந்துச்சு. சபையில இருந்ததே 59 பேருதான்! இனி இந்த மாநிலத்துல எந்தப் பதவிக்கும் வரப்படாதுன்னு இன்னொரு ஓட்டு. அதுவும் 59-க்கு 0.

ஓட்டு எண்ணதுக்கு முன்னாடியே நீ சர்க்கார் விமானத்துல சிகாகோவுக்குப் பறந்துட்டே பாரு, நீ செஞ்சதுலயே அதுதாண்டே புத்தியான காரியம். கொஞ்சம் சொணங்கிருந்தா பஸ்ஸுலதான் போகணும். டிக்கெட்டும் எடுக்கணும், அப்ப ஒனக்குத்தான் 65 ஆகலியே.

இன்னொண்ணு. 2010-ல மத்திய கோர்ட்டுல மொத விசாரணை. கூண்டுல ஏறுவேன்னு சவடால் விட்டுட்டு, கடைசியில வாயப் பொத்திக்கிட்டே. என்னாச்சு? 24 குத்தச்சாட்டுல ஜூரி ஒத்துப்போனது ஒண்ணுலதான். அதுவும் என்ன, எஃப்.பி.ஐ.கிட்டப் பொய் சொன்னது. அதுவும் வாய்தான்! மறு வருசம் ரெண்டாவது விசாரணை. இந்தத் தடவ ஏறி, ஏழு நாளு பேசித் தீத்தே. 20-ல 17 விழுந்துச்சு. 14 வருசம் உள்ள போட்டாங்க.

நடுவுல ட்ரம்ப்போட டி.வி. போட்டிக்கு வேற போனே. அவரும் ஒன்ன வேலைய விட்டுத் தூக்குனாரு. அவரே ஜனாதிபதியாகி 2020-ல ஒன்ன ஜெயில விட்டும் தூக்கிவிட்டாரு. 2025-ல முழுசா மன்னிச்சும் விட்டாரு. ஆனா வாஷிங்டன் சாவி ஸ்பிரிங்ஃபீல்டு பூட்டுக்குச் சேராதாம், அந்த 59 பேரு போட்டது அப்பிடியே கெடக்கு.

என்னது, நீயும் ஒரு வார்த்தை சொல்லணுமா? வேண்டாம்ப்பா. போன்ல என்னமோ ‘கிர்ரு’ன்னு கேக்கு. அய்யா, யாராவது கேட்டுக்கிட்டிருந்தா எழுதிக்கிடுங்க: நான் ராங் நம்பரு. வெத்தலை வாங்கக் கடைக்குப் போட்டேன்.