தன் ஓட்டலைத் தனக்கே விற்ற கிளப்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டப்படலாம் என்பது 2023இல் இருந்த விதி. எவர்டன் கிளப் அந்த வரம்பை 1.95 கோடி தாண்டியது. 2023 நவம்பரில் 10 புள்ளி பறிபோனது. அப்பீல் போய் 4 புள்ளியை மீட்டார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப், தன் வீரர் பிரென்னன் ஜான்சனை அவசரப்படாமல், கணக்கு முடியும் ஜூன் தாண்டிய பிறகு நல்ல விலைக்கு விற்றது. அந்தப் பொறுமைக்குச் சலுகை கிடைக்கவில்லை. வரம்பு மீறியதற்கு 4 புள்ளி காலி.

செல்சி விவரமானது. மைதானத்தை ஒட்டிய தன் இரண்டு ஓட்டல்களை 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது. வாங்கியது யார்? அதே முதலாளிகளின் இன்னொரு கம்பெனி. கட்டடம் நகரவில்லை, வரவேற்பறைப் பூச்சாடிகூட இடம் மாறியிருக்காது. கணக்கில் மட்டும் லாபம் பூத்தது. அடுத்து, பெண்கள் அணியையும் இதே பாணியில் ‘விற்றார்கள்’. லீக் விதியில் அப்போது இதற்குத் தடை இல்லையாம். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுயெஃபாதான் இந்த லாபத்தைக் கணக்கில் சேர்க்க மறுத்து, 2025இல் அபராதமும் போட்டது.

எவர்டனும் சும்மா இருக்கவில்லை. அதே 2025இல் தன் பெண்கள் அணியைத் தன் தாய்க் கம்பெனிக்கே விற்றுவிட்டது.