மாடியில் ஒரு கேம்பஸ்

செய்தித்தாளில் தொப்பூர் என்ற பெயர் வந்தால் லாரி, பிரேக், இரட்டைப் பாலம் மூன்றும் அதே பத்தியில் இருக்கும். தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் சுங்கச்சாவடியைத் தாண்டி, கணவாய் இறக்கத்தில் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு கடந்துவிடுகிற ஊர். யாரும் நிற்பதில்லை. நின்றால் ஏதாவது ஒரு மாடி வீட்டில் நம் கதாநாயகரைப் பார்க்கலாம். வயது இருபத்தெட்டு, முப்பது. பகலில் பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. ராத்திரியிலும் சனி, ஞாயிறிலும் சைபர் செக்யூரிட்டியில் ஆன்லைன் முதுகலை.

அடையாளம் சுலபம். லேப்டாப் கேமராவின் மேல் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். "எவனாவது பாத்துட்டு இருப்பான்மா" என்பார். தன் மகன் களி தின்பதை எவன் மெனக்கெட்டுப் பார்க்கப்போகிறான் என்று அம்மா கேட்டிருக்கிறார். இதுவரை பதில் இல்லை.

படிப்பில் சேருமுன் அவர் நடத்திய விசாரணை, அந்த வீட்டில் பெண் எடுக்கும்போதுகூட நடந்ததில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2019-இல் இந்தப் பட்டத்தைப் பத்தாயிரம் டாலருக்குள் ஆன்லைனில் தரத் தொடங்கியது. நம் ஐஐடி கான்பூரின் இ-மாஸ்டர்ஸுக்கு கேட் தேர்வே வேண்டாம். எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டு, டாலரைப் பெருக்கி, இஎம்ஐயை வகுத்து, ஒரு மாதம் தூங்காமல் இருந்தார். கடைசியில் எங்கே சேர்ந்தார் என்பதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "அது சென்சிடிவ் இன்ஃபர்மேஷன்ணா."

கல்யாணச் சந்தையில்தான் சிக்கல். தரகர் கூட்டிவந்த பெண்ணின் அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி எந்தக் காலேஜுல படிக்கிறாப்ல?"

"ஆன்லைன்ல மாமா."

"அப்ப காலேஜு எங்க?"

"மாடில."

இந்தக் கேள்விக்காகவே நம் கதாநாயகர் போனில் ஒரு செய்தியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி சொன்னது அது. பெண்ணின் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "கவர்மெண்டு சொல்லிட்டாங்க, சரி. சொந்தக்காரங்களுக்கு யாரு சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. யுஜிசி விதிமுறைகளில் அதற்கு இடமில்லை.

தேர்வு நாள் வேறு ரகம். வீட்டிலிருந்தே எழுதலாம் என்று சொல்லிவிட்டு, வீடு வீடாகவே இருக்கக் கூடாது என்கிறார்கள். பொட்டை எடுத்துவிட்டு கேமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும்: நான்கு சுவர், மேசைக்கு அடி, கதவு. அறைக்குள் இன்னொரு மனிதர் வரக் கூடாது, இன்னொரு குரல் கேட்கக் கூடாது. கேட்டால் கண்காணிப்பு மென்பொருள் சிவப்பில் எச்சரிக்கும். காலை ஐந்து மணிக்கே வீட்டார் அனைவருக்கும் விதிகள் வாசிக்கப்படும். ஒன்பதரைக்கு அம்மா காபியோடு உள்ளே வருவார். "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க சாமி, காப்பி குடுத்துட்டுப் போயிடறேன்" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கும்பிட்டுச் சொல்வார். இரண்டு விதிமீறல். சாலையில் ஏர் ஹாரன் அடிக்கும் லாரிகளை மென்பொருள் எந்தக் கணக்கில் சேர்க்கிறது என்று தெரியவில்லை. கூட்டாகக் காப்பியடிக்கும் கும்பல் என்றே நினைத்திருக்கும்.

அப்பா டேங்கர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மகன் ஒருநாள் பாடத்தின் அடித்தளத்தை அவருக்கு விளக்கினார். தகவல் பாதுகாப்புக்கு மூன்று தூண்கள்: ரகசியம் வெளியே போகக் கூடாது, உள்ளிருப்பதை எவனும் மாற்றிவிடக் கூடாது, வேண்டிய நேரத்தில் வேண்டியவருக்குக் கிடைக்க வேண்டும். அப்பா பீடியை அணைத்தார்.

"வண்டி எந்த வழியா போகுதுன்னு டீக்கடையில சொல்லக் கூடாது. சீலு ஒடையக் கூடாது. நேரத்துக்கு பங்க்ல நிக்கணும். முப்பது வருசமா இதத்தான்டா பண்ணேன். இதுக்கா லட்சக்கணக்குல கட்டற?"

மகன் அன்று ராத்திரி அசைன்மென்ட்டில் அந்த உதாரணத்தை அப்படியே எழுதினார். முழு மதிப்பெண். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

வீட்டு வைஃபைக்கு அவர் வைத்த பாஸ்வேர்டு இருபத்துநாலு எழுத்து. அம்மா அதை தினசரிக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார். தெருப் பிள்ளைகள் வந்து படமெடுத்துப் போகிறார்கள். இவர் மாதாமாதம் மாற்றினார், அம்மா மாதாமாதம் எழுதினார். அடிக்கடி மாற்றும்படி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள், நீளம்தான் முக்கியம் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே சொல்லிவிட்டது என்பதைப் பிறகு பாடத்தில் படித்து, இருவரும் சமாதானமானார்கள். இதே வீட்டில்தான் கெர்க்ஹாஃப்ஸ் என்ற டச்சு அறிஞர் 1883-இல் வகுத்த விதியும் படிக்கப்படுகிறது: பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் ரகசியமாக இருக்க வேண்டும். அந்த வீட்டுச் சாவி ஜன்னல் மேல் கிண்ணத்தடியில் இருப்பது தபால்காரர் வரைக்கும் தெரியும். பூட்டைத்தான் எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒருவருக்கும் புரியவில்லை.

ஊர்க்காரர்களுக்கு அவர் இலவச சேவை மையம். ஃபாஸ்டேக்கில் காசு போகவில்லை, கிசான் பணத்துக்கு ஓடிபி வரவில்லை, ஃபேஸ்புக்கில் நுழைய முடியவில்லை. தனது படிப்பு வேறு என்று முதலில் விளக்கினார். பிறகு விளக்குவதை விட்டார். ஒரு பெரியம்மா மட்டும் காதோரம் வந்து, "கண்ணு, நம்ம மருமவன் வாட்ஸப்புல யார்கிட்ட பேசறான்னு பாத்துச் சொல்றியா?" என்றார். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்று இவர் ஒப்பித்தார். பெரியம்மா யோசித்தார். "அஞ்சு லச்சமா? அவன் அவ்வளவு பெறமாட்டான். உடு."

டீக்கடையில் அவருக்குப் பிடித்த தலைப்பு கூடங்குளம். 2019-இல் அங்கே நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது, உலையை இயக்கும் கணினிகள் தனியே இருந்ததால் ஆபத்தில்லை என்றது. இதைக் கண்கள் விரிய விவரித்து முடித்தபோது டீ மாஸ்டர் கேட்டார்: "அப்ப நேத்து கரண்ட் போனது அதனாலதானா தம்பி?"

இத்தனையும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டறைக்கார மாமாவுக்கு ஒருநாள் வீடியோவில் 'போலீஸ்' வந்தது. உன் பெயரில் போதைப் பார்சல், நீ டிஜிட்டல் அரெஸ்ட், அறையை விட்டு நகராதே. மாமா பாதிப் பணத்தை அனுப்பியே விட்டார். மீதியை அனுப்ப வழி கேட்கத்தான் தம்பியிடம் ஆளை விட்டார். தம்பி அசைன்மென்ட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினார். "நம்ம சட்டத்துல டிஜிட்டல் அரெஸ்ட்டுன்னு ஒண்ணே கெடையாது மாமா" என்று போனைப் பிடுங்கி அணைத்தார். உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்தார். அனுப்பிய பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப்பட்டது. அசைன்மென்ட் தாமதமானதற்குப் பத்து மதிப்பெண் போயிற்று.

எல்லா ஊரிலும் இப்படியொரு மாடி கிடைக்காது. அந்த 1930-ஐ காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். பணம் போன அந்த நிமிடமே நீங்களே அழையுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். தம்பிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு இருக்கிறது.