காலி நாற்காலிக் கோட்பாடு: தமிழகச் செய்தியாளர்களின் அரசியல் சாய்வு பற்றி ஓர் ஆய்வு

இவ்வாய்வின் கருதுகோள் எளியது. செய்தியாளரின் அரசியல் சார்பு அவர் நெஞ்சிலோ மூளையிலோ இல்லை. மைக்கில் மாட்டியிருக்கும் லோகோ டப்பாவில் இருக்கிறது.

தரவுக்குப் பஞ்சமில்லை. 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன் என்று கொடிக்கொரு சேனல் கண்ட மாநிலம் இது. காங்கிரஸ் பிரமுகர்கள் மெகா, வசந்த் என்று இரண்டு தொடங்கினார்கள். அந்தக் கட்சியின் கோஷ்டிக் கணக்குக்கு இது சொற்பம். ஜெயலலிதா மறைவுக்குப் பின் கட்சி ஒரு பக்கமும் ஜெயா டிவி சசிகலா பக்கமும் போக, பழனிசாமி தரப்புக்காக 2018இல் நியூஸ் ஜெ வந்தது. ஜெயாவின் செய்தியாளர் கட்சி மாற வேண்டிய அவசியமே எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எதிர்த்தரப்பு ஆகிவிட்டார்.

அடுத்து களஆய்வு. பொதுக்கூட்டத் திடலில் மாலை ஐந்து மணிக்கே வந்து, கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளை வளைத்து வளைத்து எடுப்பவர் ஒரு வகை. ஏழு மணிக்கு, தலைவர் மேடையேறும் நேரம் பார்த்து, லைட் கம்பத்தில் தொற்றிக்கொண்டு கூட்டத்தை எடுப்பவர் இன்னொரு வகை. இருவரும் பொய் சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டு மணி நேர இடைவெளிக்குத்தான் ஆய்வுலகம் கொள்கை என்று பெயரிட்டிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் இரு வகையினரும் ஒரே டீக்கடையில் காணப்படுகின்றனர்.

"அண்ணே, தலைவர் வர்ற விஷுவல் மிஸ்ஸாயிடுச்சு. கொஞ்சம் குடுங்க."

"தர்றேன்டா. அந்தக் காலி சேரை எனக்குப் போட்டு விடு, எதுக்கும் இருக்கட்டும்."

டீக்கு யார் காசு கொடுத்தார் என்பதில் மட்டும் தரவுகள் முரண்படுகின்றன. ஒன்பது மணிச் செய்தியில் ஒரு திரையில் அலைகடலெனத் திரண்ட தொண்டர்கள். மறுதிரையில் வெறிச்சோடிய திடல்.

நம் கருதுகோளை முதலில் கண்டறிந்தவர்கள் அரசியல் தலைவர்களே. சங்கடமான கேள்வி வந்தால் அவர்கள் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, "நீங்க எந்த டிவி?" என்கிறார்கள். போன மாதம் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவரே இந்த மாதம் வேறு டப்பாவோடு வந்து நின்றால், "வாங்க தம்பி, சாப்டீங்களா?" என்று வரவேற்பு, அதே கேள்விக்குப் பதிலும்.

"நாங்க நடுநிலை சார்" என்போரும் உண்டு. அவர்களிடம் தலைவர் அடுத்துக் கேட்பது: "சரி, ஓனர் யாரு?"