செட்டுன்னா லேசா?

ஏலே பேராண்டி, இங்கிலீசு அகராதியை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் மனப்பாடம் பண்ணப் போறியாமே? பேஷ், பண்ணு. தாத்தா குறுக்க நிக்க மாட்டேன். ஆனா 'எஸ்' எழுத்து வர்றப்போ வீட்டுல சொல்லிட்டு, கட்டுச்சோறோட உக்காரு. அங்க 'செட்'டுன்னு ஒருத்தன் படுத்துக் கிடக்கான்.

ஆளு மூணே எழுத்து. ஆனா ஆக்ஸ்போர்டுக்காரங்க 1989-ல 20 வால்யூமாப் போட்ட அகராதியில, வினையா வர்ற செட்டுக்கு மட்டும் 430 அர்த்தமாம். ரிட்டையர்டு வாத்தியார் சொன்னார். சூரியன் சாஞ்சாலும் செட்டு, கோழியை அடைவச்சாலும் செட்டு, ஒடிஞ்ச எலும்பைச் சேத்து வச்சாலும் செட்டு, எலிக்குப் பொறி வச்சாலும் செட்டு. ஒரு வேலைக்காரனை இம்புட்டு வேலை வாங்கினா நம்மூர்ல பஞ்சாயத்தே கூடியிருக்கும். இதுல கூத்து என்னன்னா, நேத்து வச்சதும் செட்டு, இன்னைக்கு வைக்கிறதும் செட்டு, வச்சு முடிச்சதும் செட்டு. உங்க ஸ்போக்கன் இங்கிலீசு சார் பீசு வாங்கிக்கிட்டு முக்காலம் நடத்துறாரே, அது இவன்கிட்ட செல்லாது.

நீ மலைக்காத. பள்ளிக்கூடமே போகாத உங்க அப்பத்தா இவனை நாள் பூரா மேய்க்கிறா. தோட்டத்துல பம்புசெட்டு, கோயில் கொடைக்கு மைக்செட்டு, கல்யாணத்துக்கு நகைசெட்டு, என் வாயில பல்செட்டு. உன்கூடச் சுத்துற வெட்டிப் பயலுக ஒரு செட்டு. உன்னைப் பாத்துட்டுப் போன பொண்ணு வீட்டுக்காரங்க தரகர்கிட்ட என்ன சொன்னாங்க? 'செட்டாகல.' இதை வெள்ளைக்காரன் கேட்டா முழிப்பான். வாங்கினது அவன்கிட்டன்னாலும் வளத்தது நாம.

போதாததுக்கு, அந்த ஆக்ஸ்போர்டு அகராதியைப் புதுப் பதிப்புக்குத் திருத்துறப்போ 'ரன்'னுங்கிறவன் இவனையே முந்திட்டான். வினைக்கு மட்டும் 645 அர்த்தம். அதை எழுதின பீட்டர் கில்லிவர் அந்த ஒரு சொல்லோட ஒம்பது மாசம் மல்லுக்கட்டினாராம். நீ கெட்டிக்காரன், ஒரு ராத்திரியில முடிச்சிருவ.

முடியலேன்னா தாத்தா யோசனையைக் கேளு. மெல்ல முடியாத பெரிய வார்த்தையெல்லாம் பரணுல போட்டுட்டு, இந்தப் பொடிசுகளை வச்சுத் தினம் நாலு வாக்கியம் வாய்விட்டுப் பேசு. தப்பாப் பேசினா பொம்பளைப் பிள்ளைக சிரிக்கும். அதுவாவது நடக்கட்டுமே!

சரி, மும்முனை கரண்டு வந்திருக்கும். எந்திரிச்சுப் போயி மோட்டாரைப் போடு.