சம்பளமில்லாத சட்டாம்பிள்ளை

ஏ தாயீ, நாளையிலருந்து நீ டீச்சராமே! முழு டீச்சர்னு சொல்லிக்கிடாத, பாதிதான். பள்ளிக்கூடத்துல ஒரு கையெழுத்து, காலேஜுக்கு ஒரு கையெழுத்து. சம்பளப் பட்டியல்ல மட்டும் கையெழுத்து கிடையாது. பி.எட். படிப்பை ரெண்டு வருசமாக்கி 2014-ல என்.சி.டி.இ. விதி போட்டப்பவே, 20 வாரம் பள்ளிக்கூடத்துல கெடந்து பழகணும்னு எழுதி வச்சிட்டாங்க. மொத வருசம் 4 வாரத்தை எப்படியோ ஓட்டிட்ட. இப்ப மிச்சம் 16.

இதுக்கு உனக்கு ரெண்டு மேஸ்திரி. காலேஜுலருந்து வர்ற சூப்பர்வைசர் ஒருத்தர். வகுப்பை உன் தலையில எறக்கி வச்சிட்டு டீ குடிக்கப் போற மென்டார் டீச்சர் இன்னொருத்தர். முன்னவருக்குப் பிள்ளைக கூடிப் பேசணும், செஞ்சு பாக்கணும், மனப்பாடம்னாலே ஆகாது. பின்னவருக்குப் பரீட்சைக்கு முன்னால பாடம் முடியணும், வகுப்புல மூச்சுச் சத்தம் கேக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்துட்டா பயந்துராத. கடைசி பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சிரு. ரெண்டு வாத்தியாரு சேந்து உக்காந்தா அவுக பேச்சே அவுகளுக்குத் தீராது. உன் பக்கம் திரும்ப நேரம் ஏது?

டெல்லி நை சடக் வரைக்கும் போயி சார்ட்டும் ஜிகினாப் பேனாவும் வாங்கியாந்துட்ட. லெசன் பிளானைப் பாத்தேன், கல்யாணப் பத்திரிகை தோத்துச்சு. "பாட முடிவில் மாணவர்கள் ஒளிச்சேர்க்கையை விளக்குவர்"னு எழுதியிருக்கியே, பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டியா?

சூப்பர்வைசர் உள்ள நுழைஞ்சதும், தெரிஞ்ச பிள்ளைகிட்ட தெரிஞ்ச கேள்வியைக் கேக்கலாம்னு நெனச்சிருப்ப. தாராளமாக் கேளு. அந்தம்மாவும் ஒரு காலத்துல இதே வித்தையைச் செஞ்சு பட்டம் வாங்குனவுகதான். கை தூக்குற பிள்ளையை அவுக பாக்க மாட்டாங்க. சன்னலோரத்துல குனிஞ்சு நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கே, அதைத்தான் பாப்பாங்க.

சம்பளமில்லாம பாடம் நடத்த வைக்கிற இந்தக் கூத்து டெல்லிக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நெனச்சுக்கிடாத. மலை மந்திர் படியில என்கூட உக்காந்து பேசுவாரே ரிட்டயர்டு வாத்தியாரு, அவரு சொன்ன கதை இது. 1789-ல எழும்பூர்ல பட்டாளத்து அநாதைப் பயலுக விடுதி ஒண்ணு. அதுக்குப் பொறுப்பா ஆண்ட்ரூ பெல்லுனு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரி. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மணல்ல விரலால எழுதுறதைப் பாத்திருக்காரு. நம்ம விடுதியிலயும் இப்பிடிச் செய்வோம்னா, அங்க இருந்த வாத்தியாருக மசியலை. மனுசன் விவரமான பயலாப் பாத்து சட்டாம்பிள்ளையாக்கி, மத்த பயலுகளுக்கு அவனையே சொல்லிக் குடுக்க வச்சிட்டாரு. 1797-ல லண்டன்ல புத்தகமாவும் போட்டாரு. அது 'மெட்ராஸ் முறை'ன்னு ஊரெல்லாம் பரவி, ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல இன்னைக்கும் மெட்ராஸ் காலேஜுன்னே ஒரு பள்ளிக்கூடம் இருக்காம். வெள்ளைக்காரனுக்கு அதுல என்ன புடிச்சதுங்கிற? செலவு மிச்சம்! சம்பளம் கேக்காத சின்ன வாத்தியாரு யாருக்குக் கசக்கும்?

அதனால யாராவது லீவு போட்டா, 'அரேஞ்ச்மென்ட் பீரியடு'ன்னு சொல்லி உன்னைத்தான் தள்ளி விடுவாங்க. பல்லைக் கடிக்காமப் போ. அங்க பிளானும் இல்ல, ரிமார்க்ஸ் நோட்டுல குறை எழுத ஆளும் இல்ல. நாப்பது பிள்ளைக உன் வாயையே பாத்துக்கிட்டு இருக்கும். நீ இந்தியில பஸ்ஸை ஆம்பளையாக்கிப் பேசுவ, அதுக கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டு உன்னைத் திருத்தும். உன் மூணாவது மேஸ்திரி அதுகதான். நோட்டில்லாமலே மார்க் போடும்.

இன்னொண்ணு. உன் பள்ளிக்கூடத்துல காலையில பொம்பளப் பிள்ளைக, மத்தியானம் பயலுக, கட்டடம் ஒண்ணுதான். காலையில நீ ஒட்டுன இலைப் படத்துக்கு மறுநாள் மீசை முளைச்சிருக்கும். கண்ணைக் கசக்காத. மீசை வரைஞ்சவன் படத்தைப் பாத்திருக்கான்ல? உன் மென்டார் டீச்சர் இன்னும் அதைப் பாத்திருக்க மாட்டாக.

தினமும் ஜர்னல் எழுதணுமாமே. கடைசி ராத்திரி 16 வாரத்தையும் ஒரே மையில, ஒரே சந்தோசத்துல எழுதித் தள்ளாத, மோப்பம் புடிச்சிருவாங்க. "ராத்திரி வெளிச்சம் இல்லையே, மரம் பட்டினியா கெடக்குமா?"ன்னு ஒரு வாண்டு கேட்டு நீ முழிப்ப பாரு, அதை எழுது. எழுதிட்டு சூப்பர்வைசர்கிட்டயே கொண்டுபோயி, "இதுக்கு நான் என்ன மேடம் சொல்லியிருக்கணும்?"னு கேளு. குறை எழுத வந்த கை பேனாவை மூடிட்டு, சாக்பீசைத் தேடும்.

16 வாரம் முடிஞ்சு அந்த ரிமார்க்ஸ் நோட்டுல பக்கம் மிச்சமிருந்தா தூரப் போட்டுறாத, இங்க கொண்டா. உங்கம்மா வைக்கிற ரசத்தைப் பத்தி ரொம்ப நாளா எழுத வேண்டியது கெடக்கு. நேர்ல சொல்லத் தைரியம் இல்ல.